சுவரே ஏசி வேலை பார்க்கும் அரசு அலுவலகம்

இந்த எபிசோடில் ஒரே ஒரு கட்டடத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலம், டென்வர் நகரத்துக்கு மேற்கே, ராக்கி மலைத்தொடரின் அடிவாரத்தில் கோல்டன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே அமெரிக்க எரிசக்தித் துறையின் தேசிய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகம் இருந்தது. சுருக்கமாக என்.ஆர்.இ.எல். அந்த வளாகத்தில் 2010-ல் ஒரு கட்டடம் திறந்தார்கள். பேர் ‘ரிசர்ச் சப்போர்ட் ஃபெசிலிட்டி’. பேரைக் கேட்டா ஏதோ லேப் மாதிரி இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தா மேசை, நாற்காலி, கம்ப்யூட்டர், மீட்டிங் ரூம். சாதாரண ஆபீஸ் வேலைதான். பரப்பு சுமார் 2,22,000 சதுர அடி. 800 பேருக்கு மேல் உட்காரலாம். அடுத்த வருஷமே 1,38,000 சதுர அடியில் இன்னொரு பகுதியும் சேர்த்தார்கள். நான் இங்கே பேசுவது பெரும்பாலும் முதல் பகுதியைப் பற்றி.

அரசு அலுவலகம் என்பதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு பில்டர் ஆபீஸ் கட்டினால் விற்றுவிட்டுப் போய்விடுவார். கரண்ட் பில் வாங்கினவர் தலையில். அரசு அலுவலகத்தில் கட்டுவதும் அரசு, ஐம்பது அறுபது வருஷம் அதில் உட்கார்ந்து பில் கட்டுவதும் அரசு. ரெண்டும் மக்கள் வரிப்பணம். அப்படி இருந்தும் பெரும்பாலான டெண்டர்களில் பார்ப்பது முதல் நாள் செலவை மட்டும்தான். இது எவ்வளவு விசித்திரம், பாருங்க.

இந்தக் கட்டடத்தைப் பற்றி யார் எழுதினாலும் முதலில் சொல்வது கூரையில் இருக்கிற சோலார் பேனல்களைத்தான். எனக்கு முக்கியமாகப் படுவது அதன் சுவர். தொழிற்சாலையில் வார்த்து, லாரியில் ஏற்றி, கிரேனால் தூக்கி நிறுத்திய பிரீகாஸ்ட் கான்கிரீட் சுவர். ஏசி செய்யவேண்டிய வேலையில் ஒரு நல்ல பங்கை அந்தச் சுவர் சத்தமில்லாமல் செய்கிறது. அதைச் செய்யவைக்க ஒரு விஷயம் தேவைப்பட்டது: தீர்மானங்களை ரொம்ப முன்னாடியே எடுப்பது. இன்னைக்கு நான் சொல்லவருவது அதைத்தான்.

வரைபடத்துக்கு முன்னால் ஒரு எண்

அரசுக் கட்டடம் வழக்கமாக எப்படி வரும்? ஒரு ஆர்க்கிடெக்ட் வரைவார். இன்ஜினியர் கணக்குப் போடுவார். டெண்டர் விடுவாங்க. குறைந்த விலை கேட்டவருக்கு வேலை போகும். அவர் வரைபடத்தைப் பார்த்து, “இதைக் கட்ட முடியாது, மாத்துங்க” என்பார். மாற்றம், கூடுதல் செலவு, தாமதம், ஒருத்தர் மேல் ஒருத்தர் புகார். இது நம்ம ஊர்க் கதை மட்டும் கிடையாது, உலகம் முழுக்க நடப்பதுதான்.

கோல்டனில் வரிசையைத் திருப்பிப் போட்டார்கள். வடிவமைப்பும் கட்டுமானமும் ஒரே குழுவுக்கு. மொத்த விலை முதலிலேயே நிலையானது, சுமார் 6.4 கோடி டாலர். அதற்கு மேல் ஒரு பைசா இல்லை. டெண்டர் ஆவணத்தில், கட்டடம் எப்படி இருக்கணும் என்று வரையாமல், அது என்ன செய்யணும் என்று எழுதினார்கள். அந்த எதிர்பார்ப்புகளை மூன்று படியாகப் பிரித்தார்கள். முதல் படி, கட்டாயம் நடந்தே ஆகணும். ரெண்டாவது, ரொம்ப விரும்புகிறோம். மூன்றாவது, முடிந்தால் செய்யுங்கள். லீட் பிளாட்டினம் தரச்சான்று முதல் படியில் இருந்தது. வருஷத்துக்கு எவ்வளவு எரிசக்தி செலவாகலாம் என்ற எண் ரெண்டாவது படியில். ஒரு வருஷத்தில் எடுக்கிற அளவுக்கு எரிசக்தியைத் தானே உற்பத்தி செய்துகொள்வது, அதாவது நெட் ஜீரோ, அது மூன்றாவது படியில்.

அந்த எரிசக்தி எண்தான் முக்கியம். சதுர அடிக்கு வருஷத்துக்கு 25,000 பி.டி.யூ. என்று ஆரம்பித்தது. நம்ம மீட்டர் கணக்கில் சொன்னால் சுமார் 7.3 யூனிட். பிறகு அதே இடத்தில் கூடுதல் ஆட்களை உட்காரவைப்பது, வளாகம் முழுக்கத் தேவையான கம்ப்யூட்டர் சர்வர்களையும் இங்கேயே வைப்பது என்று முடிவானதால், அதற்கு ஈடாக எண் சுமார் 35,000 பி.டி.யூ. ஆக உயர்ந்தது. சதுர அடிக்கு 10 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். விளக்கு, சூடேற்றுவது, குளிரூட்டுவது, கம்ப்யூட்டர், சர்வர், காபி மெஷின், எல்லாம் சேர்த்து.

மூன்று குழுக்கள் போட்டியிட்டு, ஆர்.என்.எல். என்ற ஆர்க்கிடெக்ட் நிறுவனமும் ஹேசல்டன் என்ற கட்டுமான நிறுவனமும் சேர்ந்த குழுவுக்கு வேலை போனது. இப்போ அவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. விலை கூடாது. எரிசக்தி எண்ணும் தாண்டக்கூடாது. விலை உயர்ந்த மெஷின்களை வாங்கி மாட்டித் தப்பிக்க வழியில்லை. மிச்சம் இருப்பது ஒரே வழிதான்: எப்படியும் வாங்கியே ஆகவேண்டிய பொருளுக்கு ரெண்டாவது வேலை கொடுப்பது. சுவர் எப்படியும் வேணும். தரை எப்படியும் வேணும். ஜன்னல் எப்படியும் வேணும். அதுங்களே சூட்டையும் குளிரையும் வெளிச்சத்தையும் பார்த்துக்கொண்டால்? பிரீகாஸ்ட் உள்ளே வருவது இந்த இடத்தில்தான்.

கடைசியில் கட்டுமானச் செலவு சதுர அடிக்குச் சுமார் 259 டாலர் வந்தது. அதே காலத்தில் கட்டிய, இவ்வளவு சிக்கனம் இல்லாத அலுவலகங்களின் செலவும் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருந்தது என்று என்.ஆர்.இ.எல். ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறது.

60 அடி அகலம்

சுவருக்குப் போவதற்கு முன்னால் கட்டடத்தின் உருவத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏன்னா உருவம் தப்பாகப் போனால் சுவரால் காப்பாற்ற முடியாது.

கிழக்கு மேற்காக நீண்ட ரெண்டு கட்டடப் பகுதிகள், நடுவில் ஒரு இணைப்பு. மேலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்து ‘எச்’ சாய்ந்து படுத்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு பகுதியின் அகலம் 60 அடிதான். அதனால் யார் எங்கே உட்கார்ந்தாலும் 30 அடிக்குள் ஒரு ஜன்னல் இருக்கும்.

தெற்குப் பக்க ஜன்னல் ரெண்டு பாகம். கீழ்ப் பாகம் வெளியே பார்க்க. அதற்கு மேலேயும் பக்கத்திலேயும் நிழல் தரும் தகடு. மேல் பாகம் வெளிச்சத்துக்கு மட்டும். அதில் இருக்கிற வளைந்த கண்ணாடிப் பட்டைகள் வெயிலைப் பிடித்து வெள்ளைக் கூரை மேல் எறிகின்றன. நேராகக் கண்ணில் குத்தாமல், கூரையிலிருந்து பரவி அறைக்குள் வருகிறது. மேசைகளுக்கு நடுவே இருக்கிற தடுப்புகளைத் தாழ்வாக வைத்தார்கள், வெளிச்சம் தடைபடாமல் இருக்க. நல்ல வெயில் நாளில் பகல் நேரத்தில் பெரும்பாலான விளக்குகள் எரியவேண்டியதில்லை.

இன்னொன்று. சுவர்ப்பரப்பில் கண்ணாடி சுமார் கால் பங்குதான். நவீனமான ஆபீஸ் என்றால் முழுக்கக் கண்ணாடி போர்த்தணும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது, இல்லையா? கண்ணாடி வழியாகச் சூடு உள்ளே வரும், குளிர்காலத்தில் வெளியே போகும், கூச்சத்துக்குத் திரையை இழுத்துவிட்டு உள்ளே டியூப்லைட் போடுவோம். கால் பங்கு கண்ணாடி, அதுவும் சரியான இடத்தில் இருந்தால் போதும். மிச்ச முக்கால் பங்கு திடமான சுவர். அந்த முக்கால் பங்குதான் பிரீகாஸ்ட் கான்கிரீட்டுக்குக் கிடைத்த இடம்.

சாண்ட்விச் சுவர்

பிரீகாஸ்ட் என்பது புதுசு ஒன்றுமில்லை. நம்ம ஊரில் காம்பவுண்ட் சுவருக்கு நிறுத்துகிற சிமென்ட் பலகையும் கிணற்றுக்கு இறக்குகிற உறையும் பிரீகாஸ்ட்தான். வேலை நடக்கிற இடத்தில் சென்ட்ரிங் அடித்துக் கான்கிரீட் போடுவதற்குப் பதிலாக, வேறு இடத்தில் மோல்டில் வார்த்து, இறுகியபின் கொண்டுவந்து மாட்டுவது.

கோல்டனில் வெளிச்சுவராக வைத்தது மூன்று அடுக்குப் பலகை. வெளியே 3 அங்குலம் கான்கிரீட். நடுவில் 2 அங்குலம் கெட்டியான நுரைப் பலகை, வெப்பத்தைத் தடுக்க. உள்ளே 6 அங்குலம் கான்கிரீட். வெளி அடுக்கு மழை, பனி, வெயிலைத் தாங்கும், கட்டடத்துக்கு முகமாகவும் இருக்கும். நுரை, வெளிச் சூட்டை உள்ளே விடாது. உள் அடுக்கு அறைக்குள் திறந்தபடியே நிற்கிறது. அதற்கு மேல் பூச்சு இல்லை, ஜிப்சம் போர்டு இல்லை. பெயிண்ட் மட்டும்.

உள் அடுக்கு ஏன் தடிமன், வெளி அடுக்கு ஏன் மெல்லிசு? இந்தக் கேள்விக்குப் பதில் புரிந்தால் கட்டடமே புரிந்துவிடும். கான்கிரீட் வெப்பத்தைத் தடுக்கும் பொருள் இல்லை. வெறும் கான்கிரீட் கூரைக்குக் கீழே மே மாதம் படுத்தவங்களுக்கு அது தெரியும். கான்கிரீட் வெப்பத்தைச் சேர்த்துவைக்கும் பொருள். ஒரே கன அளவில் எடுத்துக்கொண்டால், ஒரு டிகிரி சூடேற கான்கிரீட்டுக்குத் தேவைப்படும் வெப்பம், காற்றுக்குத் தேவைப்படுவதைவிட 1,500 மடங்குக்கும் மேல். மொட்டைமாடிக் கான்கிரீட் பகல் முழுக்கச் சூட்டை வாங்கிவைத்து ராத்திரி நம் மேல் இறக்குவது இதனால்தான்.

அதே குணத்தைப் பயனாகவும் மாற்றலாம். சேர்த்துவைக்கும் பொருளை வெளியே வைத்தால் அது வெயிலின் சூட்டைச் சேர்க்கும். உள்ளே வைத்து, வெளியேயிருந்து நுரையால் பிரித்துவிட்டால் அது அறையின் சூட்டைச் சேர்க்கும். 800 பேரின் உடம்புச் சூடு, கம்ப்யூட்டர் சூடு எல்லாம் பகலில் சுவருக்குள் போகும். அறை சீக்கிரம் சூடாகாது. நுரை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

ஒரு நாளின் கணக்கு

கோடைகாலத்து ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். டென்வர் பகுதியில் ஜூலை மாதம் பகலில் 32 டிகிரி வரை போகும். ராத்திரி 16 டிகிரி பக்கம் இறங்கிவிடும். கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேல் உயரம், காற்றும் வறண்டது, அதனால் சூரியன் போனதும் சூடும் போய்விடும்.

ராத்திரி ஆபீஸில் யாரும் இல்லாதபோது சில ஜன்னல்கள் தானாகவே திறந்துகொள்ளும். குளிர்ந்த காற்று உள்ளே வந்து சுவரையும் கூரையையும் தடவிக்கொண்டு போகும். பகலில் சேர்த்துவைத்த சூட்டைக் கான்கிரீட் அந்தக் காற்றிடம் கொடுத்துவிடும். காலையில் ஜன்னல்கள் மூடிக்கொள்ளும். வேலைக்கு வருகிறவர்கள் உள்ளே நுழையும்போது கான்கிரீட் குளிர்ந்து, காலியாக, அடுத்த பகலின் சூட்டை வாங்கத் தயாராக இருக்கும். மண்பானையைக் கழுவிக் கவிழ்த்துவைத்த மாதிரி.

அது போதாத நேரத்துக்கு, கூரைக் கான்கிரீட்டை ஒட்டி மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. மொத்த நீளம் சுமார் 67 கிலோமீட்டர். கோடையில் அதில் குளிர்ந்த தண்ணீர், குளிர்காலத்தில் வெதுவெதுப்பான தண்ணீர். வெப்பத்தைச் சுமந்துபோகத் தண்ணீர் காற்றைவிட எவ்வளவோ மேல். ராட்சத ஃபேன்களை வைத்துக் குளிர்ந்த காற்றைக் கட்டடம் முழுக்கத் தள்ளுகிற செலவு இதில் மிச்சம். மூச்சுவிடத் தேவையான புதுக் காற்று மட்டும் தனியாக, தரைக்குக் கீழிருந்து வருகிறது.

குளிர்காலத்துக்கு இன்னொரு ஏற்பாடு. தெற்குச் சுவரின் மேல் சில இடங்களில் சின்னச் சின்ன ஓட்டை போட்ட கருமையான தகடு பொருத்தியிருக்கிறார்கள். வெயிலில் தகடு சூடாகும், அந்த ஓட்டைகள் வழியாக உள்ளே இழுக்கும் காற்றும் சூடாகும். அந்தச் சூட்டையும் சர்வர் அறையில் வீணாகும் சூட்டையும் கட்டடத்துக்கு அடியில் கொண்டுபோகிறார்கள். அங்கே கான்கிரீட் சுவர்களை வளைந்து வளைந்து போகும் பாதை மாதிரி கட்டியிருக்கிறார்கள். காற்று அதில் சுற்றிச் சுற்றிப் போகும்போது கான்கிரீட் சூட்டைப் பிடித்துவைக்கும். தேவைப்படும்போது, வெளியிலிருந்து வரும் குளிர்ந்த காற்றை அதன் வழியாக அனுப்பி முன்கூட்டியே சூடேற்றிக்கொள்ளலாம்.

மொத்தத்தில், கட்டடம் ஒரு வெப்ப வங்கி. பகல் போட்டதை ராத்திரி எடுக்கிறது, ராத்திரி போட்டதைப் பகல் எடுக்கிறது.

தொழிற்சாலை கேட்கிற விலை

இதெல்லாம் கேட்க நல்லாத்தான் இருக்கு, கஷ்டம் எங்கே என்று கேட்பீங்க. சொல்கிறேன்.

பிரீகாஸ்ட்டில் லாபம் வருவது ஒரே மோல்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதில். நூறு பலகைக்கு ஐந்து மோல்டு என்றால் லாபம். நூறு பலகைக்கு அறுபது மோல்டு என்றால் செங்கல்லிலேயே கட்டிவிடலாம். அதனால் ஜன்னல் அளவு, பலகை அகலம், தூண் இடைவெளி எல்லாம் ஒரே தாளத்தில் வரணும். ‘இந்த மாடியில் மட்டும் ஜன்னல் கொஞ்சம் பெருசா இருக்கட்டும்’ என்று ஒரு அதிகாரி ஆசைப்பட்டால் அது புது மோல்டு. பலகையின் அளவை லாரியும் சாலையும் தீர்மானிக்கும். எடையைக் கிரேன் தீர்மானிக்கும்.

அதைவிட முக்கியம், பின்னாடி திருத்த முடியாது. செங்கல் சுவரில் சுவிட்ச் பெட்டி வைக்க மறந்துவிட்டால் எலக்ட்ரீஷியன் சுவரை வெட்டி வைத்துவிட்டுப் போவார். பூசினால் தெரியாது. பூச்சே இல்லாத, உள்முகம் அப்படியே தெரிகிற பிரீகாஸ்ட் சுவரில் அது முடியாது. வெட்டினால் வடு தெரியும், உள்ளே கம்பி அறுபடும். எந்தப் பைப் எங்கே போகுது, எந்த பிராக்கெட் எங்கே வருது என்பதெல்லாம் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் முடிவாகணும். ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சர் இன்ஜினியர், எலக்ட்ரிகல் இன்ஜினியர், கான்ட்ராக்டர் எல்லோரும் முதல் மாதத்திலிருந்தே ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் நடக்கும். முதலில் சொன்ன ‘ஒரே குழு, ஒரே விலை’ ஏற்பாடு இங்கே கைகொடுக்கிறது.

எரிசக்திக் கணக்கும் இதே ஒழுங்கைத்தான் கேட்கிறது. சாண்ட்விச் பலகையில் உள் அடுக்கையும் வெளி அடுக்கையும் இணைக்க ஏதாவது வேணும். அதை இரும்பால் செய்தால் ஒவ்வொரு இணைப்பும் சூடு கடந்துபோகிற பாலம். வெப்பத்தைக் கடத்தாத நாரிழைப் பிளாஸ்டிக் இணைப்பிகளைப் போட்டால் பாலம் உடையும். அடுத்து ஜன்னல் ஓரம். பலத்துக்காக அந்த ஓரத்தில் நுரையை நிறுத்திவிட்டு முழுக்கக் கான்கிரீட் ஊற்றுவது சுலபமான வழக்கம். அப்படிச் செய்தால் ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் சூடு கசிகிற சட்டம் ஒன்று உருவாகும். காகிதத்தில் 2 அங்குலம் நுரை இருக்கும், பில்லில் இருக்காது. ரெண்டு பலகை சேரும் இணைப்பும் அப்படித்தான். அங்கே அடைக்கும் சீலன்ட் சில பத்தாண்டுகளில் வயசாகிவிடும். அதைப் பார்த்து மாற்றப் பராமரிப்புப் பட்ஜெட் வேணும். அரசு அலுவலகங்களில் முதலில் வெட்டுவதும் அந்தப் பட்ஜெட்டைத்தான்.

அதனால்தான் பிரீகாஸ்ட்டும் சிக்கனக் கட்டடமும் நல்ல ஜோடி என்கிறேன். ரெண்டுமே ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்கிற பேச்சுக்கு இடம் கொடுக்காது.

சிமென்ட்டின் கடன்

ஒரு உண்மையை மறைக்கக்கூடாது. உலகத்தில் மனிதர்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய 7, 8 சதவீதம் சிமென்ட்டிலிருந்து வருகிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லுக்குள் இருக்கும் கார்பனே வாயுவாக வெளியேறுகிறது. சூளைக்குச் சூரியசக்தி கொடுத்தாலும் அந்தப் பங்கு போகாது. கான்கிரீட் கட்டடம் திறப்புவிழா நாளிலேயே ஒரு கடனோடுதான் நிற்கிறது.

பிரீகாஸ்ட் இந்தக் கடனைக் கொஞ்சம் குறைக்கும், கொஞ்சம் கூட்டும். குறைப்பது எப்படி? தொழிற்சாலையில் அளவு துல்லியம், வீணாவது குறைவு, சென்ட்ரிங் பலகையைக் கிழித்துப் போடுவது இல்லை. கூட்டுவது எப்படி? ராத்திரி ஊற்றிய பலகையைக் காலையில் மோல்டிலிருந்து எடுத்தால்தான் தொழிற்சாலைக்குக் கட்டுப்படியாகும். அவ்வளவு சீக்கிரம் இறுக சிமென்ட் அதிகம் போடத் தோன்றும். சிமென்ட்டுக்குப் பதிலாக அனல்மின் நிலையச் சாம்பலையோ இரும்பு உலைக் கசடையோ கலந்தால் கார்பன் குறையும், ஆனால் இறுக நேரமாகும். மோல்டு ஒரு நாள் கூடுதலாகக் காத்திருக்கணும். அந்த ஒரு நாளுக்கு யார் பணம் கொடுப்பது என்பதும் வடிவமைப்புக் கேள்விதான்.

கோல்டனில் இந்தக் கடனைப் பல வழிகளில் குறைக்கப் பார்த்தார்கள். பலகைகளைத் தூரத்திலிருந்து கொண்டுவரவில்லை. டென்வரிலேயே, கொலராடோ ஜல்லியை வைத்து வார்த்தார்கள். டென்வரில் மூடிவிட்ட ஸ்டேப்பிள்டன் விமான நிலையத்தின் ஓடுதளத்தை உடைத்த ஜல்லியை அஸ்திவாரத்துக்கும் தரைக்கும் அடியில் போட்டார்கள். கட்டடத்தின் தூண்களில் பல, பழைய இயற்கை எரிவாயுக் குழாய்கள். மலையில் வண்டு அரித்துச் செத்த பைன் மரங்களை அறுத்து முன்கூடத்துச் சுவருக்கு வைத்தார்கள். சுவர் உள்முகத்தில் பூச்சும் போர்டும் இல்லாததால் அந்தப் பொருட்களும் மிச்சம்.

உள்ளே இருக்கிறவங்க

சுவர் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், உள்ளே எரிகிற கரண்ட் அதிகமானால் எண் தாண்டிவிடும். சூட்டையும் குளிரையும் குறைத்தபின் பெரிதாகத் தெரிவது மேசை மேல் இருப்பதுதான். அதனால் பெரும்பாலானவர்களுக்கு லேப்டாப். மானிட்டர் குறைந்த கரண்டில் ஓடுகிற எல்.இ.டி. வகை. மேசை விளக்கு 6 வாட். ஆளுக்கொரு பிரிண்டர் இல்லை, பொதுவாகப் பகிர்ந்துகொள்வது. கட்டடத்திலேயே ஒரு பெரிய செலவாளி சர்வர் அறை. அதைக் குளிரவைக்கப் பெரும்பாலும் வெளிக்காற்றும் தண்ணீர் ஆவியாகும் குளிர்ச்சியும் போதுமாக இருந்தது.

ஜன்னலைக் கையால் திறக்கலாம். எப்போது திறந்தால் நல்லது என்று கம்ப்யூட்டரில் ஒரு செய்தி வரும். எழுந்துபோய்த் திறப்பதும் மூடுவதும் அவரவர் வேலை. இது எனக்குப் பிடித்த விஷயம். கட்டடம் எல்லாவற்றையும் தானே செய்யாமல் உள்ளே இருப்பவரிடமும் கொஞ்சம் பொறுப்பைக் கொடுக்கிறது.

இவ்வளவு குறைத்தபின்தான் சோலார் கணக்கு. சதுர அடிக்கு 10 யூனிட் சொச்சம் என்றால் மொத்தம் வருஷத்துக்கு ஏறக்குறைய 23 லட்சம் யூனிட். அதற்குச் சுமார் 1.6 மெகாவாட் பேனல் தேவைப்பட்டது. கூரை மட்டும் போதவில்லை, கார் நிறுத்துமிடத்துக்கு மேலும் பேனல் போட்டார்கள். தேவையைக் குறைக்காமல் விட்டிருந்தால் எவ்வளவு இடம் வேண்டியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

எது பொருந்தும், எது பொருந்தாது

இதை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் எங்கேயும் நட்டுவிட முடியாது. ராத்திரி 16 டிகிரிக்கு இறங்குகிற ஊரில்தான் கான்கிரீட் ராத்திரியில் காலியாகும். சென்னையில் மே மாதத்துச் சராசரி இரவு வெப்பநிலையே சுமார் 28 டிகிரி, ஈரப்பதமும் சேர்ந்து. அங்கே ராத்திரி ஜன்னலைத் திறந்துவைத்தால் சுவர் குளிராது, ஈரம்தான் உள்ளே வரும். குளிர்ந்த தண்ணீர்க் குழாயைக் கூரையில் ஓட்டினாலும், முதலில் காற்றின் ஈரத்தை எடுக்காவிட்டால் கூரையில் வியர்த்து மேசை மேல் சொட்டும். கடலோர ஊரில் நிழலும், வெளிப்பக்கத்து வெப்பத்தடுப்பும், ஈரம் நீக்குவதும்தான் முதலில் வரணும். பகலுக்கும் ராத்திரிக்கும் நல்ல வித்தியாசம் இருக்கிற வறண்ட, உயரமான ஊர்களுக்குத்தான் கோல்டனின் வெப்ப வங்கி நேராகப் பொருந்தும்.

எந்த ஊருக்கும் பொருந்துவது அதன் வேலைமுறை. எவ்வளவு எரிசக்தி என்ற எண்ணை, முதல் கோடு வரைவதற்கு முன்னால் ஒப்பந்தத்தில் எழுதுவது. வரைபவரையும் கட்டுபவரையும் அந்த எண்ணுக்குச் சேர்ந்து பொறுப்பாக்குவது. எப்படியும் வாங்கப்போகிற சுவரிடம், தரையிடம், ஜன்னலிடம் ரெண்டாவது வேலை வாங்குவது. கட்டி முடித்தபின் மீட்டரைப் பார்த்து, எழுதிய எண் வந்ததா என்று சரிபார்ப்பது. இதற்கு வெளிநாட்டுத் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. டெண்டர் ஆவணத்தில் ஒரு பக்கம் கூடுதலாக எழுதத் துணிச்சல் இருந்தால் போதும்.

உங்க ஊரில் அடுத்து ஒரு பெரிய அரசு அலுவலகத்துக்கு அடிக்கல் நாட்டும்போது, எத்தனை கோடி, எத்தனை மாடி என்று செய்தி வரும். வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று ஒருத்தராவது கேளுங்க. பில் கட்டப்போவது நாமதானே.